கோட்டையை வரைந்தவனும் குறை சொன்னவர்களும்

ஒரு மேப்பைப் பற்றி முதலில் வந்து சேரும் கருத்து பெரும்பாலும் தோற்றவருடையதாகத்தான் இருக்கும். ஜெயித்தவர் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவார். தோற்றவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். அதில் பாதி கோபம், பாதி உண்மை. இரண்டையும் பிரித்தெடுப்பதுதான் மேப் செய்கிறவனுடைய உழைப்பில் பெரும்பங்கு. மதில் எழுப்புவதும் மரம் நடுவதும் ஒரு வாரத்தில் முடிகிற காரியம்.

இந்த உலகம் பழக்கமில்லாதவர்களுக்காக நாலு வரி. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ 1999-இல் வந்த வியூக விளையாட்டு. ஆடு அறுத்து, மரம் வெட்டி, தங்கமும் கல்லும் தோண்டி, ஊரை வளர்த்துப் படை திரட்டி எதிரியை வீழ்த்த வேண்டும். பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து இதை ஆடிய தலைமுறை ஒன்று நம் ஊர்களில் உண்டு. 2019-இல் ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’ என்ற பெயரில் புதுப்பிக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ திராவிடர், வங்காளியர், கூர்ஜரர் என்று புதிய இனங்களைக் கொண்டுவந்தது. ராஜேந்திர சோழனுக்குத் தனியாக ஒரு போர்த்தொடரே கிடைத்தது. விளையாட்டுக்குள்ளேயே ஓர் எடிட்டர் இருக்கிறது. நிலம், மலை, ஆறு, மதில் எல்லாவற்றையும் நாமே வரையலாம். ‘இந்த இடத்துக்கு எதிரி வந்தால் இது நடக்கட்டும்’ என்று ட்ரிகர் எழுதலாம். இருபது வருடத்துக்கு மேலாகியும் இந்த விளையாட்டு சாகாமல் இருப்பதற்கு அந்த எடிட்டர் ஒரு முக்கியக் காரணம் என்பது என் கட்சி.

நான் இருப்பது ஹைதராபாத்தில், டோலிசௌக்கிப் பக்கம். இங்கே இருந்துகொண்டு முற்றுகை மேப் செய்ய நினைத்தால் கோல்கொண்டாவை விட்டு வேறு எதைச் செய்வது? சுமார் 120 மீட்டர் உயரக் கருங்கல் குன்று, உச்சியில் பாலா ஹிசார், சுற்றி அடுக்கடுக்காக மதில்கள். வெளிமதிலில் 87 கொத்தளங்கள், எட்டு வாசல்கள். எடிட்டரில் நான் எடுத்துக்கொண்டது 240-க்கு 240 கட்டம். 87 கொத்தளத்தையும் அதற்குள் அடைத்தால் ஆட்களுக்கு நடக்க இடம் இருக்காது. கொத்தளங்களைத் தயங்காமல் குறைத்தேன். எட்டு வாசலில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை, ஏனென்றால் 1687-இல் இந்தக் கோட்டை விழுந்தது வாசலால்தான்.

அந்தக் கதையைச் சொல்லாமல் மேப்பைப் பற்றிப் பேச முடியாது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஔரங்கசீப் கோல்கொண்டாவைச் சூழ்ந்தார். உள்ளே கடைசி குதுப் ஷாஹி சுல்தான் அபுல் ஹசன் தானா ஷா. ஏறத்தாழ எட்டு மாதம் கோட்டை அசையவில்லை. இரவில் ஏணி வைத்து ஏறினார்கள். ஒரு தெருநாய் குரைத்துக் காவலை எழுப்பிவிட்டது. மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து நிரப்பினார்கள். உள்ளிருந்தவர்கள் எதிர்ச்சுரங்கம் தோண்டி மருந்தை அள்ளித் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். பற்றவைத்தபோது வெடிப்பு முகலாயர் பக்கமே திரும்பியது. மழையும் வெள்ளமும் பஞ்சமும் சேர்ந்துகொண்டதில் வெளியே முகாமிட்டிருந்த படைதான் அதிகம் பசித்தது. கடைசியில் செப்டம்பரில் ஒரு விடியற்காலை, அப்துல்லா கான் பன்னி என்ற ஆப்கானிய அதிகாரி காசு வாங்கிக்கொண்டு திட்டிவாசலைத் திறந்துவிட்டார். பீரங்கியால் எட்டு மாதம் முடியாதது ஓர் இரவில் முடிந்தது.

மேப்பில் நான்கு பேர் ஆடலாம். இருவர் உள்ளே, இருவர் வெளியே. உள்ளே களஞ்சியம் நிறைந்திருக்கும், தங்கச்சுரங்கம் ஒன்றுகூடக் கிடையாது. வெளியே தங்கம் தாராளம், ஆனால் விளைநிலம் குறைவு. நேரம் ஆக ஆகப் படைக்குச் சோறு போடுவதே பெரும்பாடாகும். முற்றுகை என்றால் உள்ளே இருப்பவர் பட்டினி கிடப்பார் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். கோல்கொண்டாவில் அது தலைகீழாக நடந்தது, அதனால் மேப்பிலும் தலைகீழ்.

முதலில் ஆடிப் பார்த்தவர்களில் கச்சிபௌலியில் வேலை பார்க்கும் திருநெல்வேலித் தம்பி ஒருவன். மூன்று மணி நேரம் மதிலை இடித்துவிட்டு அழைத்தான். “அண்ணா, இது கோட்டையா, இல்ல எங்களுக்கு ஜெயிலா? நாங்கதான் வெளிய மாட்டிக்கிட்டு நிக்கிறோம்.” இன்னொருவர் நாகரிகமாகச் சொன்னார்: “பேலன்ஸ் இல்லை.” இந்த ஒரு வாக்கியத்தை மேப் செய்கிறவர்கள் வாழ்நாள் முழுக்கக் கேட்பார்கள். கோட்டைக்குள் இருப்பவருக்கும் வெளியே நிற்பவருக்கும் எப்படிச் சமநிலை வரும்? தொல்காப்பியம் கோட்டையை வளைப்பதையும் காப்பதையும் உழிஞை என்ற ஒரே திணைக்குள் வைத்தது; பிறகு வந்த புறப்பொருள் வெண்பாமாலை காப்பவனை நொச்சி என்று தனியாகவே பிரித்துவிட்டது. என் மேப்பை ஆடியவர்கள் வெண்பாமாலைக் கட்சி. ஒரே மேப்பில் இரண்டு வேறு ஆட்டங்கள் நடக்கின்றன என்பதை அவர்களுடைய கோபம்தான் எனக்குச் சரியாக விளக்கியது.

அதற்கு நான் மதிலை மெலிதாக்கவில்லை. விளையாட்டில் வலுவூட்டிய மதிலுக்கு 3,000 உயிர்ப்புள்ளி. அதில் கை வைத்தால் கோல்கொண்டா வெறும் குட்டிச்சுவராகிவிடும். ஆட்டத்தை இரட்டையாக மாற்றினேன். முதலில் ஒரு அணி காக்கும், மற்றது வளைக்கும். பிறகு இடம் மாறி இன்னொரு ஆட்டம். யார் அதிக நிமிடம் கோட்டையை வைத்திருந்தார்களோ அவர்களுக்கே வெற்றி. கோட்டையில் ஒரு கல்லும் மாறவில்லை. “பேலன்ஸ் இல்லை” என்ற பேச்சு மட்டும் நின்று, “நீ 52 நிமிஷம், நான் 61” என்ற பேச்சு தொடங்கியது.

கருத்துக் கேட்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். “எப்படி இருந்தது?” என்று கேட்கவே கூடாது. நண்பர் என்றால் “சூப்பர்” என்பார், தோற்றவர் என்றால் “வேஸ்ட்” என்பார், இரண்டுமே பயன்படாது. நான் கேட்பது ஒன்றுதான்: “தோற்றுவிட்டோம் என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது?” இதற்குப் பதில் சொல்ல ஆட்டத்தை மனதில் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போதே கோபம் கொஞ்சம் இறங்கும். பிறகு ஆட்டத்தின் பதிவைத் திறந்து, அவர் சொன்ன நிமிடத்தையும் உண்மையில் ஆட்டம் கைமாறிய நிமிடத்தையும் பார்ப்பேன். இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். அவர் 48-ஆவது நிமிடம் என்பார். 31-இலேயே கதை முடிந்திருக்கும். இடையில் உள்ள பதினேழு நிமிடம் அவருக்கு ஏன் தெரியாமல் போனது என்று தேடுவதுதான் என் வேலை.

திட்டிவாசல் விவகாரத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

துரோகம் இல்லாத கோல்கொண்டா முற்றுகை என்னைப் பொறுத்தவரை பொய். அதனால் இப்படி அமைத்தேன்: வெளியே உள்ளவர் ஒரு வணிக வண்டியை, மதிலை ஒட்டிய குறிப்பிட்ட இடங்களில் ஒன்றுக்குக் கொண்டுபோய் நிறுத்தி, பெரும் தொகையாகத் தங்கத்தை இழக்க வேண்டும். அந்த வாசலுக்கு உள்பக்கம் காவலாள் யாரும் நிற்காவிட்டால், சற்று நேரத்தில் வாசல் கைமாறிவிடும். எட்டு வாசலில் எவை விலைபோகும் என்பதை ஒவ்வோர் ஆட்டத்திலும் கணினியே சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கும். காப்பவர் ஒவ்வொரு வாசலிலும் ஓர் ஆளையாவது நிறுத்தி வைத்தால் துரோகத்துக்கு இடமே இல்லை. ஆனால் மதிலில் ஓட்டை விழும்போது அந்த ஆளை அங்கேயே விட்டுவைக்க மனசு வரவேண்டுமே.

வந்தது வசவு மழை. மெஹ்திபட்டணத்து நண்பர் ஒருவர் சுத்த தக்கினியில் கத்தினார்: “தர்வாஜா அப்பிச் குல் கயா, பாய்!” கதவு தானாகத் திறந்துகொண்டதாம். மற்றொருவர் பகடையில் தோற்றேன் என்றார். மதுரையிலிருந்து இணையத்தில் ஆடிய ஒரு ஆசிரியை அமைதியாகச் சொன்னார்: “சார், நான் தப்பு பண்ணித் தோத்தா ஒத்துக்குவேன். இது நான் பண்ணின தப்பு மாதிரி இல்லை.”

பதிவுகளைத் திறந்து பார்த்தேன். மூவரும் காவலாளைத் தாங்களேதான் அகற்றியிருந்தார்கள். மதிலில் உடைப்பு ஏற்பட்டதும் மொத்தப் படையையும் சுட்டியால் ஒரு வளைப்பு வளைத்து அங்கே அனுப்பியிருந்தார்கள். அந்த வளைப்பில் வாசல் ஈட்டிக்காரனும் சேர்ந்து போயிருந்தான். துரோகம் நான் நினைத்தபடியே சரியாக வேலை செய்திருந்தது. இந்த இடத்தில் மேப் செய்கிறவருக்கு ஒரு சபலம் வரும். பதிவைக் காட்டி, “பாருங்கள், உங்கள் தவறுதான்” என்று வாயை அடைக்கலாம். ஆனால் ஆசிரியை சொன்னதை மறுபடி படியுங்கள். அவர் தவறு செய்யவில்லை என்று வாதாடவில்லை. தவறாகத் தெரியவில்லை என்றுதான் சொன்னார். ஈட்டிக்காரன் நகர்ந்தபோது திரையில் ஒன்றுமே நடக்கவில்லை. வண்டி வந்து நின்றது அவருக்குத் தெரியாது. கதவு திறந்ததே அரண்மனை எரியும்போதுதான் தெரிந்தது.

அநியாயம் என்று ஆட்டக்காரர்கள் சொல்வதில் பெரும்பங்கு, ‘எனக்கு யாரும் சொல்லவில்லை’ என்பதன் மறுபெயர். இத்தனை நாள் மேப் செய்ததில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருப்பது இது ஒன்றைத்தான். தோல்வியை மனிதர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். தங்களுக்குத் தெரியாமல் நடந்த தோல்வியைத் தாங்குவதில்லை.

ஆகவே துரோகத்தைத் தொடவில்லை, சேதியைச் சேர்த்தேன். அதற்கான வழி கோட்டையிலேயே இருந்தது. கோல்கொண்டா பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஃபதே தர்வாஜா மாடத்தின் கீழ் நின்று கைதட்டினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி பாலா ஹிசார் உச்சியில் கேட்கும். சுற்றுலா வழிகாட்டிகள் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். எதிரி வந்ததை மேலே அறிவிக்கச் செய்த ஏற்பாடு என்பார்கள். மேப்பில் எந்த வாசலருகே அந்நிய வண்டி வந்து நின்றாலும் காப்பவருக்கு மட்டும் ஒரு கைதட்டல் கேட்கும். எந்த வாசல் என்று சொல்லாது. அவ்வளவுதான் மாற்றம். அதற்குப் பின் வந்த கருத்துகளைப் பாருங்கள்: “சத்தம் கேட்டுச்சு, ஆனா கண்டுக்கல”, “மேற்கு வாசல்னு நினைச்சு ஓடினேன், பஞ்சாரா தர்வாஜா போயிடுச்சு”. அநியாயம் என்ற பேச்சே காணோம். கோட்டை முன்பு போலவே விழுந்துகொண்டுதான் இருந்தது.

இதற்காக எல்லாப் புகாரையும் சேதியால் ஆற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வடகிழக்கு மேட்டைப் பற்றி வந்த புகார் நிஜமான புகார். அதிகம் பேசாத ஒருவர் இரண்டே வார்த்தையில் எழுதியிருந்தார்: “அந்த மேடு.” இந்த விளையாட்டில் உயரத்திலிருந்து தாக்கினால் 25 சதவீதம் கூடுதல் சேதம், பள்ளத்திலிருந்து தாக்கினால் 25 சதவீதம் குறைவு. ட்ரெபுஷே என்ற கல்லெறி பொறி 16 கட்டம் எறியும். மதிலுக்கு வெளியே ஒரு மேட்டில் அதை ஏற்றி வைத்துவிட்டால் உள்ளே இருப்பவர் என்ன செய்வார்?

குதுப் ஷாஹிகளுக்கும் இதே தலைவலி இருந்தது. ஔரங்கசீப் இளவரசராக 1656-இல் முதன்முறை கோல்கொண்டாவை வளைத்தபோது, கோட்டையை ஒட்டிய வடகிழக்கு மேடு எதிரிக்கு எவ்வளவு வசதி என்பது தெளிவாகிவிட்டது. அப்துல்லா குதுப் ஷா அதற்குப் பின் அந்த மேட்டையே வளைத்துப் புது மதில் கட்டினார். நயா கிலா என்று இன்றும் நிற்கிறது. உள்ளே பிரம்மாண்டமான பாவோபாப் மரம், பக்கத்தில் இப்போது கோல்ஃப் மைதானம். ஒரு எதிராளியின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மேப்பைத் திருத்திய முதல் ஆள் இந்தக் கோட்டையில் நான் இல்லை. என் மேப்பில் முதலில் இருந்தது 1656-க்கு முந்தைய வடிவம். இப்போது காப்பவருக்குத் தொடக்கத்திலேயே கொஞ்சம் உபரிக் கல் தருகிறேன். அவர் விரும்பினால் நயா கிலாவைக் கட்டிக்கொள்ளலாம், அல்லது அந்தக் கல்லைக் கோபுரத்தில் போடலாம். முடிவு அவருடையது.

கருத்துக் கேட்டுத் திருத்துவதால் ஒரு மேப் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பெரிய சாட்சி ‘டோட்டா’. ஸ்டார்கிராஃப்ட் ஆட்டக்காரர்கள் செய்த ‘ஈயான் ஆஃப் ஸ்ட்ரைஃப்’ என்ற மேப்பின் வழியில், 2003 வாக்கில் வார்கிராஃப்ட் 3-க்குள் யூல் என்ற புனைபெயர்க்காரர் தொடங்கியது அது. கைமாறிக் கைமாறி ஐஸ்ஃபிராக் என்பவரிடம் வந்தது. பதிப்பு பதிப்பாகத் திருத்தப்பட்டது. 2013-இல் ‘டோட்டா 2’ என்ற தனி விளையாட்டாக வால்வ் நிறுவனத்தின் பெயரில் வெளிவந்தது. ஒருவர் வேடிக்கைக்கு வரைந்த மேப் ஒரு தொழிலையே பெற்றுப்போட்டது. எதிர்ப்பக்க எடுத்துக்காட்டும் உண்டு. நம் விளையாட்டின் அரேபியா மேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டெஃபினிட்டிவ் எடிஷன் வந்த பிறகு அது எத்தனை முறை மாற்றப்பட்டது! திறந்தவெளி போதவில்லை என்றார்கள், திறந்தார்கள். மதில் கட்டவே முடியவில்லை என்றார்கள். எல்லோரையும் திருப்திப்படுத்தும் அரேபியா வராது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

பெரிய சண்டை ஒன்று இனத் தேர்வில் வந்தது. கோல்கொண்டாவைக் காப்பவருக்கு எந்த இனம் கொடுப்பது? குதுப் ஷாஹிகளின் முதல்வர் சுல்தான் குலி ஈரானின் ஹமதானிலிருந்து வந்தவர் என்பதால் பாரசீகரைக் கொடுத்திருந்தேன். தெலுங்கு நண்பர்கள் கொதித்துவிட்டார்கள். மதிலில் நின்றவர்களில் தெலுங்கு வீரர்கள் இல்லையா? தெலுங்குக் கவிகள் இப்ராஹிம் குதுப் ஷாவை மல்கிபராமா என்று பாடவில்லையா? திராவிடர்தான் வேண்டும் என்றார்கள். ஒருவர் விளையாட்டுக்குள்ளிருந்தே ஆதாரம் எடுத்து வைத்தார்: திராவிடருக்கு ‘வூட்ஸ் ஸ்டீல்’ என்றொரு தொழில்நுட்பம் உண்டு, காலாட்படை வெட்டினால் எதிரியின் கவசம் கணக்கில் வராது, அந்த எஃகைக் காய்ச்சிய கோனசமுத்திரம் நிஜாமாபாத் பக்கம்தானே இருக்கிறது, பாரசீக வியாபாரிகளே அங்கு வந்து வாங்கிப் போனார்களே என்று. வாதம் என்னை வீழ்த்திவிட்டது. உள்ளே இருக்கும் இருவரில் ஒருவர் பாரசீகர், மற்றவர் திராவிடர் என்று ஆக்கினேன். ஆட்டத்துக்கும் அது நல்லதாகவே அமைந்தது. இது தோற்றவரின் கருத்தும் இல்லை, ஜெயித்தவரின் கருத்தும் இல்லை. ஊர்க்காரரின் கருத்து. அதற்குத் தனி எடை உண்டு.

பாராட்டைப் படிப்பது வசவைப் படிப்பதைவிடக் கஷ்டம். குரைத்த அந்தத் தெருநாய்க்குத் தானா ஷா தங்கச் சங்கிலி போட்டுத் தன்னருகே வைத்துக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. விளையாட்டில் உள்ள ஓநாயை எடுத்து, பெயரை மாற்றி, காப்பவருக்குக் காவல்நாயாகக் கொடுத்தேன். சண்டையில் பைசாவுக்குப் பிரயோஜனமில்லை. மதிலோரம் நின்று கொஞ்சம் தூரம் பார்க்கும், அவ்வளவே. இந்த மேப்பில் இதைவிட அதிகமாகப் பாராட்டப்பட்ட அம்சம் எதுவும் கிடையாது. இரண்டு நாய் தாருங்கள் என்றார்கள். நாய் செத்தால் ஆட்டத்தையே விட்டுவிடுவேன் என்றார் ஒருவர். நிறைய நாய் கொடுத்தால் எல்லோருக்கும் சந்தோஷம்; ஆனால் இருட்டில் ஏணி சாத்துகிற பயம் போய்விடும். நாய் ஒன்றாகவே இருக்கிறது.

அப்துர் ரஸாக் லாரியை வைத்து இன்னொரு பாடம். திட்டிவாசல் திறந்த இரவில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு பாய்ந்து சண்டையிட்டு, உடலெங்கும் எழுபதுக்கும் மேற்பட்ட காயத்தோடு விழுந்த தளபதி அவர். ஔரங்கசீப்பே மருத்துவர்களை அனுப்பிப் பிழைக்க வைத்தார். வாசல் போனதும் காப்பவருக்கு லாரி என்ற வீரன் ஒருவன் தோன்றுவான் என்று வைத்திருந்தேன். “ஒத்தை ஆள் என் இருபது குதிரையையும் நிறுத்துறான், இது என்ன கூத்து?” என்று கேட்டார்கள். வரலாற்றில் அப்படித்தான் நடந்தது என்பது மேப் செய்கிறவர் சொல்லக்கூடாத பதில். வரலாறு எனக்கு யோசனை தரும். ஆட்டத்தில் அது சாட்சி சொல்ல வராது. லாரியின் வலிமையைக் குறைத்து, காயம் பட்டுக்கொண்டே இருக்கும்படி செய்தேன். இப்போது அவர் காப்பவருக்கு ஓரிரு நிமிடம் வாங்கித் தருகிறார், அதற்குள் சுல்தானை மேலே ஏற்றிவிடலாம்.

இப்போதைய பேச்சு சுரங்கத்தைப் பற்றி. வெளியே நிற்பவர்கள் மதிலுக்கு அடியில் வெடிவைக்க வழி கேட்கிறார்கள். மூன்று சுரங்கம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காப்பவர் ஓர் ஆளை உரிய இடத்துக்கு அனுப்பினால் அந்தச் சுரங்கம் நனைந்துவிடும். தெரியாமல் பற்றவைத்தால் வெடிப்பு வெளிப்பக்கம். இங்கே என் சொந்தக் கொள்கையே என்னை மடக்குகிறது. சுரங்கம் நனைந்ததை வெளியே இருப்பவருக்குச் சொல்லிவிட்டால் எவரும் பற்றவைக்கமாட்டார்கள், சுரங்கம் வெறும் அலங்காரமாகிவிடும். சொல்லாவிட்டால் மறுபடி அநியாயம் என்ற கூச்சல். கைதட்டல் போன்ற ஒலி இதற்குப் பொருந்தாது. யோசித்து, நனைந்த சுரங்கத்தின் வாய்க்கு அருகே ஒரு சின்ன நீர்க்குட்டை தோன்றும்படி எழுதியிருக்கிறேன். கண் வைத்துப் பார்த்தால் தெரியும், அவசரத்தில் தெரியாது. இது சேதி சொன்னதாகக் கணக்கா, சொல்லாததாகக் கணக்கா என்று எனக்கே இன்னும் முடிவாகவில்லை.

வரும் சனிக்கிழமை நான்கு பேர் இதை ஆடிப் பார்க்கிறார்கள். வளைக்கும் பக்கம் அந்தத் திருநெல்வேலித் தம்பி. குட்டையைப் பற்றி அவனிடம் நான் மூச்சுவிடவில்லை.